‘கவர்’ என்ற பெயரில் ஏறும் மருந்து

மூன்று நாள்களுக்கு முன் இன்னொரு கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கை என் கைக்கு வந்தது. தலையில் அடிபட்டு ஒன்பது நாளாக வென்டிலேட்டரில் இருப்பவரின் இரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே மேலிருந்து கீழ்வரை ‘எதிர்ப்பு’ என்றே அச்சாகியிருக்க, கொலிஸ்டின் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. சிகிச்சைத் தாளைப் பின்னோக்கிப் புரட்டினேன். தொற்றின் அறிகுறியே இல்லாத முதல் நாளில், காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘கவர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக் தொடங்கப்பட்டு, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் எட்டு நாள் ஓடியிருந்தது.

தொற்று வராமல் காக்கும் என்று முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதைக் குறிக்கும் இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மருந்து ஏறிக்கொண்டிருந்தால் கிருமி அண்டாது என்று உறவினர்கள் நம்புவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவர்களும் நம்புவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூச்சுக்குழாயிலும் சிரையிலும் செருகிய குழாய்கள் இருக்கும்வரை கிருமிக்கு வழி திறந்தே இருக்கிறது. நாம் ஏற்றும் மருந்து குடலிலும் தொண்டையிலும் காலங்காலமாகக் குடியிருந்த சாதுவான கிருமிகளை அழித்து இடத்தைக் காலிசெய்கிறது. அங்கே அந்த மருந்துக்கு மசியாதவை வந்து பெருகுகின்றன. ‘உடம்புக்கு மருந்து பழகிவிட்டது’ என்பார்கள். பழகியது உடம்பல்ல, கிருமி. அது நம் கைவழியே அடுத்த கட்டிலுக்கும் போகும்.

தடுப்பு மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுவைக்கு முன் உரிய நேரத்தில் ஒரு வேளை கொடுப்பது பயன் தரும். அறுவை முடிந்தபின் அதை நீட்டிக்க வேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே அறிவுறுத்திவிட்டது. மூளைக் காயத்தால் வென்டிலேட்டருக்குச் சென்றவர்களுக்கு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை 2 கிராம் அளவில் ஒரே ஒரு வேளை கொடுத்தால் தொடக்க நாள்களின் நிமோனியா குறைவதாக 2024-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஒரு வேளை என்பதை எட்டு நாளாகவும், செஃப்ட்ரியாக்சோன் என்பதை மெரோபெனமாகவும் படித்துக்கொள்ள அதில் இடமில்லை.

மருந்தை எழுதும்போதே காரணத்தையும் நிறுத்தும் நாளையும் எழுதுங்கள். காய்ச்சலோ, எக்ஸ்ரேயில் புதிய நிழலோ, ஆக்சிஜன் தேவையில் ஏற்றமோ இல்லாதவருக்குச் சளியில் கிருமி வளர்ந்தது என்பதற்காக மட்டும் தொடங்காதீர்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வையுங்கள். தேவை முடிந்த குழாயை அன்றே எடுங்கள். கையைக் கழுவுங்கள், இதையும் நான் எழுத வேண்டியிருக்கிறது. உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘ஏன் ஆன்டிபயாட்டிக் போடவில்லை’ என்று கேட்கும் அதே உரிமையோடு, ‘எதற்காகப் போடுகிறீர்கள், எத்தனை நாளுக்கு’ என்றும் கேளுங்கள்.

அந்த நோயாளிக்குக் கொலிஸ்டின் ஏறிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து என்பதால், மணிக்கொருமுறை சிறுநீரை அளந்து குறித்துவருகிறோம். நேற்று இரவிலிருந்து அளவு குறைந்திருக்கிறது.