நியூட்ரினோவும் நுண்ணொதுமியும்

2023 பிப்ரவரி 13. சிசிலித் தீவை ஒட்டிய மத்தியதரைக் கடலில், சுமார் 3,450 மீட்டர் ஆழத்தில், ஒரு நீல ஒளிக்கீற்று பதிவானது. கடலடியில் நங்கூரமிட்டு நிமிர்த்தி நிறுத்திய வடங்களில் கண்ணாடிக் கோளங்கள் கோத்திருக்க, அவற்றுக்குள் இருந்த ஒளியுணரிகள் அதைப் பிடித்தன. கேஎம்3நெட் என்ற ஆய்வுக் கூட்டமைப்பின் கருவி அது. வந்தது நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற நுண்துகள் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். கண்டது நியூட்ரினோவை அல்ல. அது எதிலோ மோதியதில் பிறந்த மியூவான் என்ற துகள், நீரைக் கிழித்து ஓடியபோது எழுப்பிய வெளிச்சத்தைத்தான். கணக்கிட்ட ஆற்றல் சுமார் 220 பெட்டா எலக்ட்ரான் வோல்ட். மேசைப்பந்தாட்டப் பந்து ஒன்று 1.3 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது அதில் இருக்கும் ஆற்றல் இவ்வளவுதான். ஆனால் இங்கே அது முழுவதும் ஒற்றைத் துகளில் அடங்கியிருந்தது. அதுவரை பிடிபட்ட எந்த நியூட்ரினோவும் இதன் பக்கத்தில் வராது.

துகளை விட்டுச் சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் 'நெ' என்றால் இல்லை, 'உட்டெர்' என்றால் இரண்டில் ஒன்று. சேர்ந்தால் 'நெயுட்டெர்': இதுவும் இல்லை, அதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் அல்லாத இலக்கணப் பாலுக்கு வைத்த இந்தப் பெயர், பின்னாளில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் இல்லாத பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது.

1930 டிசம்பர் 4 அன்று இயற்பியலாளர் வுல்ஃப்காங் பவுலி, ஒரு கூட்டத்தில் கூடியிருந்த சக ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார். பீட்டாச் சிதைவில் அணுக்கருவிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவாக இருந்தது. கணக்கில் கொஞ்சம் உதைத்தது. அந்தக் குறையை மின்னூட்டமற்ற ஒரு துகள் களவாடிப் போகிறது என்று வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். சூரிக்கில் நடனவிருந்து இருப்பதால் கூட்டத்துக்கு வர இயலவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்! அவர் அந்தத் துகளுக்கு இட்ட பெயர் நியூட்ரான். 1932இல் ஜேம்ஸ் சாட்விக் கனமான வேறொரு துகளைக் கண்டுபிடிக்க, அந்தப் பெயர் அதற்குப் போய்விட்டது.

பெயரிழந்த துகளுக்குப் புதுப் பெயர் ரோம் நகரில் கிடைத்தது. இத்தாலிய மொழியில் '-ஓனே' என்று முடிந்தால் பெரியது, '-இனோ' என்று முடிந்தால் சின்னஞ்சிறியது. 'நெயுத்ரோனே' இத்தாலியர் காதில் 'பெரிய நடுநிலையான்' என்று விழும். அப்படியானால் இது குட்டி நடுநிலையான்தானே என்று அங்கிருந்த இயற்பியலாளர் எதுவார்தோ அமால்தி விளையாட்டாகச் சொன்னது 'நெயுத்ரினோ'. என்ரிகோ ஃபெர்மி அதைத் தம் பேச்சிலும் கட்டுரையிலும் எடுத்தாண்டு உலகெங்கும் பரப்பினார்.

தமிழில் நியூட்ரானுக்கு நொதுமி என்ற சொல் உண்டு. வேர் 'நொதுமல்'. 'தகுதி எனவொன்று' என்று தொடங்கும் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் மனிதரைப் பகை, நொதுமல், நட்பு என மூன்று பகுதியாகப் பிரிக்கிறார். பகைவனும் அல்லன், நண்பனும் அல்லன்: அப்படியே இலத்தீன் வேரின் பொருள். சிலர் 'நொதுமின்னி' என்றும் எழுதுகிறார்கள். மின்னூட்டமே இல்லாத ஒன்றுக்கு 'மின்னி' என்று பெயரிடுவது எனக்கு உவப்பாக இல்லை.

நியூட்ரினோவுக்கு நுண் + நொதுமி = நுண்ணொதுமி. கண் + நீர் கண்ணீர் ஆவது போலத்தான் இந்தப் புணர்ச்சி. '-இனோ' செய்த வேலையை 'நுண்' செய்துவிடுகிறது.

ஆனால் நொதுமல் என்ற சொல்லுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, தலைவன் போன வழியை எண்ணிக் கலங்குகிறாள்: கொல்லன் உலைக்கல் போலக் கொதிக்கும் பாறை, அதில் அம்பு தீட்டும் எயினர் என்ற வேடர். ஊருக்கோ அந்தக் கவலையே இல்லை. 'நொதுமல் கழறும்இவ் அழுங்கல் ஊரே' என்று நொந்துகொள்கிறாள். இங்கே நொதுமல் வெறும் நடுநிலை அல்ல. ஒட்டாமை, அயன்மை, 'எனக்கென்ன' என்று கடந்து போவது.

இந்தப் பொருள் நியூட்ரானுக்குப் பொருந்தாது. அது அணுக்கருவுக்குள் புரோட்டான்களோடு கட்டுண்டு கிடக்கும் துகள். பிரித்துத் தனியே விட்டால் சராசரியாகக் கால் மணி நேரத்தில் சிதைந்துபோகும். அப்படி ஒட்டி வாழ்வதை நொதுமல் என்பது எப்படி? நியூட்ரினோவைப் பாருங்கள். சூரியனிலிருந்து புறப்பட்டவை மட்டுமே உங்கள் கட்டைவிரல் நகத்தின் மீது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி வீதம் பாய்கின்றன. இரவில் இதே கூட்டம் பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து மேலே வருகிறது; எண்ணிக்கை குறைவதே இல்லை எனலாம். பீட்டாச் சிதைவை நடத்தும் மென்விசையும் ஈர்ப்பும் தவிர வேறெதற்கும் அது வசப்படாது. மென்விசையின் எட்டோ அணுக்கருவின் அகலத்தைக்கூடத் தொடாது. நியூட்ரானுக்காகப் பிறந்த சொல், அதன் தம்பிக்குத்தான் அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்திருக்கிறது.

புழக்கத்தில் நியூட்ரினோவே முந்தி நிற்கிறது. செய்தியில் அப்படியே எழுதுவதில் தவறில்லை. பாடத்திலும் கட்டுரையிலும் முதல் முறை இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு நுண்ணொதுமி என்றே தொடரலாம். சிக்கல் எழுவது துகள்களின் எதிர் இணைகளான எதிர்த்துகள்களிடம்தான். 1956இல் கிளைட் கோவனும் ஃபிரெடரிக் ரைன்ஸும் அணு உலை அருகே முதன்முதலில் பிடித்தது எதிர்நுண்ணொதுமி. அதுவரை சரி. எலக்ட்ரானை எதிர்மின்னி என்று எழுதுபவர், அதே உலையிலிருந்து வந்ததை, அதாவது எலக்ட்ரான் வகை எதிர்நுண்ணொதுமியை, விவரிக்கும்போது 'எதிர்மின்னி எதிர்நுண்ணொதுமி' என்று எழுதவேண்டி வரும். இதில் முதல் 'எதிர்' மின்னூட்டத்தைக் குறிக்கிறது, இரண்டாவது எதிர்த்துகளை. நான் அங்கே எலக்ட்ரானை எலக்ட்ரானாகவே விட்டுவிடுகிறேன்.