சைபிராசெரோ: கை வேண்டும், ஆள் வேண்டாம்

ஸ்பானிஷ் மொழியில் பிராசோ என்றால் கை. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் உள்ள கை. விரல்களோடு சேர்ந்த உள்ளங்கைப் பகுதிக்கு மானோ என்று அவர்களிடம் வேறு சொல் உண்டு. அந்த பிராசோவை நம்பிப் பிழைக்கிறவர் பிராசெரோ. நிலம் கிடையாது, கடை கிடையாது, கை இருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊரில் அன்றாடம் கூலிக்குப் போகிறவர் என்போமே, கிட்டத்தட்ட அவர்.

இந்தச் சொல்லோடு, சைபர் கிரைம் என்கிறோமே அந்தச் சைபரை ஒட்டவைத்து, நியூயார்க்கைச் சேர்ந்த இயக்குநர் அலெக்ஸ் ரிவேரா 1997-இல் சில நிமிடங்களே ஓடும் ஒரு நையாண்டிக் குறும்படம் எடுத்தார். சைபிராசெரோ என்ற சொல் அதில் வருகிறது. பொருள் இதுதான்: மெக்சிகோவில் இருந்தபடியே, கம்பி வழியாக, அமெரிக்கத் தோட்டத்தில் நிற்கும் ரோபோவை இயக்கிப் பழம் பறிக்கும் தொழிலாளி. உழைப்பு எல்லையைத் தாண்டிப் போகும், உழைப்பவர் போகமாட்டார். பதினோரு வருஷம் கழித்து, 2008-இல், இதே யோசனையை அவர் 'ஸ்லீப் டீலர்' என்ற முழுநீளப் படமாக்கினார். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரைக்கதைக்கு விருதும் கிடைத்தது. அறிவியல் புனைகதை என்ற வகையில் வந்தாலும் படத்தில் பாதிக்கு மேல் பழைய வரலாறுதான், அதனால் இந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று பார்ப்பதற்கு, முதலில் பழைய பிராசெரோவிடம் போக வேண்டும்.

1942 ஆகஸ்டில், உலகப் போருக்கு ஆட்கள் போய்விட்டதால் வயலில் வேலை செய்ய ஆளில்லை என்று அமெரிக்கா மெக்சிகோவோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு வந்து, பருத்தியும் சர்க்கரை பீட்டும் லெட்டூஸும் பறித்துக் கொடுத்துவிட்டு, ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். போர் 1945-இல் முடிந்தது, திட்டம் முடியவில்லை. 1964 கடைசி வரைக்கும் இழுத்தது. அதற்குள் கையெழுத்தானவை சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். அத்தனை ஆட்கள் என்று அர்த்தமில்லை, ஒரே ஆள் நாலு தடவை ஐந்து தடவை போய்வந்திருப்பார்.

ஆள் எடுத்த விதத்தைப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். வரிசையில் நிற்பவரிடம், கையைத் திருப்பிக் காட்டு என்பார்கள். உள்ளங்கை காய்த்துப்போய்க் கரடுமுரடாக இருந்தால் சரி, உழைத்த கை, உள்ளே போகலாம். மெத்தென்று இருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். தேறியவர்களை எல்லை முகாம்களில் சட்டையைக் கழற்றச் சொல்லி டிடிடி என்ற பூச்சிக்கொல்லிப் பொடியை அடித்தார்கள். முகமூடி போட்ட ஒருவர் நேராக முகத்திலேயே பொடி அடிக்கிற மாதிரி லெனார்ட் நாடெல் 1956-இல் எடுத்த புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. வயலுக்குப் போனால் குட்டைப்பிடி களைக்கொத்து. எல் கோர்த்திதோ, அதாவது குட்டையன், என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க முதுகு வளைந்தே இருக்க வேண்டும், யாராவது நிமிர்ந்தால் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கலிபோர்னியா அதைத் தடைசெய்தது 1975-இல்தான். போதாக்குறைக்கு ஆரம்ப வருடங்களில் சம்பளத்தில் 10 சதவீதத்தை, ஊருக்குப் போனபின் தருகிறோம் என்று பிடித்துவைத்தார்கள். பலருக்கு அது வந்து சேரவேயில்லை.

இதே காலத்தில் ஒப்பந்தமே இல்லாமல் எல்லை ஆற்றைக் கடந்து போனவர்களுக்கு மொஹாதோ என்று பெயர். நனைந்தவர் என்று பொருள். ஆங்கிலத்தில் ஈரமுதுகு என்று அதைவிடக் கேவலமாகச் சொன்னார்கள், 1954-இல் அரசாங்கமே ஒரு பெரிய வெளியேற்ற நடவடிக்கைக்கு அந்த வசைச்சொல்லைப் பெயராக வைத்தது. ஆக ஒரே கிராமத்து அண்ணன் தம்பி இரண்டு பேரில், காகிதம் வைத்திருந்தவர் கை, காகிதம் இல்லாதவர் முதுகு. முழு மனுஷன் எந்தப் பெயரிலும் இல்லை.

1964-இல் திட்டம் நின்றதும், மெக்சிகோ மறுவருடமே எல்லையோரத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் வந்த ஆலைகளுக்குப் பெயர் மாக்கிலாதோரா. இந்தச் சொல்லின் பூர்வீகம் நமக்கு உடனே பிடிபடும்: மாக்கிலா என்றால், மில்லில் கொண்டுபோய்க் கொடுத்த தானியத்தை அரைத்துத் தருவதற்கு மில்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கு. அளவு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பெயினுக்கு வந்தது. தமிழில் அரவைக் கூலி, வேறென்ன! அமெரிக்காவிலிருந்து துண்டுதுண்டாகப் பொருள் வரும், மெக்சிகோவில் சேர்த்துத் தைத்து முடுக்கி, திரும்ப அமெரிக்காவுக்கே போகும். இங்கே தங்குவது கூலி மட்டும். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஜாப் ஒர்க் என்றால் முடிந்தது. ரிவேராவின் படத்தில் ரோபோவை இயக்கும் கூடங்களுக்கு இன்ஃபோமாக்கிலா என்று பெயர். துணிக்குப் பதில் தகவல் போய்வருகிறது.

சைபர் என்ற பாதிக்கு வருவோம். 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாட்டையும் தகவல் தொடர்பையும் ஆராயும் தன் புதிய துறைக்கு சைபர்னெடிக்ஸ் என்று பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்டது கிபர்னெடெஸ் என்ற கிரேக்கச் சொல். கப்பலில் சுக்கான் பிடிப்பவர், நம் பழைய தமிழில் மீகாமன். பிறகு அந்தச் சொல் கணினி, இணையம் என்று எதன் முன்னால் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு அர்த்தமே தேய்ந்துபோனது தனிக்கதை. ஆனால் இந்த இடத்தில் பழைய அர்த்தம் நன்றாகவே உட்காருகிறது. ஓட்டுகிறவர் என்பதும் கை என்பதும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன, அந்த ஓட்டுகிறவருக்கோ தான் ஓட்டும் இயந்திரம் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்குள் கால்வைக்க அனுமதி இல்லை.

படத்தின் கதையையும் கொஞ்சம் சொன்னால்தான் சொல்லுக்கு எடை கிடைக்கும். ஒஹாகா மாநிலத்தில் ஒரு கிராமம். ஆற்றை மறித்து ஒரு தண்ணீர் கம்பெனி அணை கட்டிவிட்டது. மேமோ என்ற பையனும் அவன் அப்பாவும் காலிப் பைகளைத் தூக்கிக்கொண்டு அணை வாசலுக்கு நடந்துபோய், துப்பாக்கி பொருத்திய ஒரு கேமராவின் முன்னால் நின்று பணத்தைப் போட்டு, தங்கள் ஆற்றுத் தண்ணீரைத் தாங்களே விலைக்கு வாங்குகிறார்கள். இதெல்லாம் எதிர்காலக் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 2000-இல் பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் தண்ணீர் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்து, கட்டணம் ஏறி, ஊரே தெருவுக்கு வந்து, கடைசியில் கம்பெனி கிளம்பிப்போனது. மெக்சிகோவை எடுத்துக்கொண்டால், கொலராடோ ஆற்றில் ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி) மெக்சிகோவுக்கு விடவேண்டும் என்று 1944-இலேயே அமெரிக்காவோடு ஒப்பந்தம் இருக்கிறது. அப்படியும் அந்த ஆறு பெரும்பாலான வருடங்களில் கடல்வரை போய்ச் சேர்வதில்லை.

மேமோ வீட்டுக்கூரையில் ஆன்டெனா வைத்து யார்யார் பேச்சையோ ஒட்டுக்கேட்கிறான், கம்பெனியின் கண்ணில் தீவிரவாதி ஆகிறான், டிரோன் வருகிறது, அப்பா சாகிறார். பிழைப்புக்காக எல்லையோர நகரமான திஹுவானாவுக்குப் போகிறான். எல்லை மூடியே கிடக்கிறது. வேலை வேண்டுமானால் உடம்பில் நோடுகள் போட்டுக்கொள்ள வேண்டும்: தோலுக்குள் உலோகத் துளைகள், அதில் கம்பியைச் செருகினால் இவன் கையை ஆட்ட, அங்கே அமெரிக்காவில் கட்டட வேலை செய்யும் ரோபோவின் கை ஆடும். கள்ளத்தனமாக நோடு போட்டுவிடுகிறவருக்குப் பெயர் கொயோடெக். எல்லை கடத்திவிடும் ஆளை அங்கே கொயோட்டே, அதாவது நரி மாதிரி ஒரு பிராணி, என்பார்கள். அதோடு டெக் சேர்ந்துவிட்டது. (இதற்கு நான் புதுச்சொல் தேடமாட்டேன், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவரைத் தமிழன் ஏஜெண்ட் என்றுதான் சொல்கிறான், ஏஜெண்ட்டே போதும்.) நோடுக்கு மட்டும் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது. கணினித் தமிழில் ஏற்கெனவே கணு என்று எழுதுகிறார்கள். கரும்பில் இருப்பதும் கணு, கணுக்காலில் இருப்பதும் கணு. வலைப்பின்னலுக்கும் உடம்புக்கும் ஒரே சொல் என்பதால் இந்தப் படத்தின் நோடுக்கு கணு கச்சிதம்.

இனி மொத்தச் சொல்லுக்கும் தமிழ். முதலில் பிராசெரோ.

கை என்பதிலிருந்தே தொடங்கலாம் என்று பார்த்தால் கையாள் வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் கூடமாட உதவிசெய்யும் ஆள் என்ற நல்ல பொருள்தான், இன்றைக்குக் கையாள் என்றால் ரவுடியின் எடுபிடி. கைக்கூலி அதைவிட மோசம், காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுப்பவன் என்றே காதில் விழும். சித்தாள் கட்டட வேலைக்கு மட்டும். புலம்பெயர் தொழிலாளர் என்று செய்தித்தாளில் எழுதுவது பிழையில்லை, ஆனால் அதில் ஒப்பந்தமும் கெடுவும் இல்லை. புலம்பெயர்ந்தவர் அங்கேயே தங்கலாம், பிராசெரோ தங்கக் கூடாது. பக்கத்தில் கேரளாவில் வெளிமாநிலத்தவரை அதிதி தொழிலாளி என்கிறார்கள். மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விருந்தாளி என்றாலே ஊருக்குக் கிளம்ப வேண்டியவர் என்று ஆகிவிடுகிறதே.

மிஞ்சுவது கூலி. நம்மிடம் கூலி என்பது காசின் பெயர், ஆளின் பெயர் அல்ல. வள்ளுவர் மெய்வருத்தக் கூலி தரும் என்பது உடம்பு நொந்ததற்கான ஊதியத்தை. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று ஆளைச் சேர்த்துத்தான் சொல்வோம். ஆங்கிலத்தில் இருக்கும் கூலி வேறு. அது தமிழ்க் கூலியிலிருந்து போனதா, குஜராத்துப் பக்கத்துக் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து போனதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, அகராதிகள் இரண்டையும் சொல்கின்றன. எதிலிருந்து போயிருந்தாலும், 1834-இலிருந்து மொரீஷியசுக்கும் 1860-இலிருந்து நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தில் கப்பலேறிய மனிதர்களுக்கும், கங்காணிகள் மூலம் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கும் வெள்ளைக்காரர் வைத்த பெயர் அது. தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது வசை. ஸ்பானிஷ்காரர் உறுப்பைச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார், தமிழ்க் கூலியிலிருந்து போனது என்றே வைத்துக்கொண்டால், ஆங்கிலேயர் ஊதியத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். கூலி, பிராசெரோ இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற சொற்கள்.

அதனால் வரலாற்றுப் பிராசெரோவுக்கு நான் ஒப்பந்தக் கூலியாள் என்று எழுதுவேன். சைபிராசெரோவுக்குத் தொலைக்கூலி. தொலைபேசி, தொலைக்காட்சி என்று பழகிய முன்னொட்டு, யாருக்கும் உரை தேவைப்படாது. இதில் ஆள் வேண்டுமென்றேதான் விடப்பட்டிருக்கிறது, ஏனென்றால் அந்த ஏற்பாட்டின் நோக்கமே ஆளை விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான். படத்தில் திஹுவானா மேஸ்திரியே ஏறக்குறைய இதைப் பெருமையாகச் சொல்கிறார். தொலைதல் என்ற இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டு வரும். வரட்டும், படத்தில் நெடுநேரம் கம்பியில் கிடந்தவர்கள் சுருண்டு விழுகிறார்கள், கூடத்துக்கு ஸ்லீப் டீலர் என்ற பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். மின்கூலி என்றால் கரண்ட் பில் மாதிரி இருக்கும், வேண்டாம். இணையக் கூலி என்று சிலர் எழுதக்கூடும், ஆனால் அது வீட்டிலிருந்து தட்டச்சு செய்பவருக்கும் பொருந்தும். தொலைக்கூலியில் தூரத்தில் ஓர் உடம்பு இருந்தாக வேண்டும், இரும்பு உடம்பாவது.

இன்றைய செய்தியில் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் சாப்பாடு கொண்டுபோன குட்டி ரோபோக்களைக் கொலம்பியாவிலிருந்து இளைஞர்கள் மணிக்குச் சுமார் 2 டாலருக்கு மேற்பார்த்ததாக 2019-இல் செய்தி வந்தது, அவர்கள் அசல் தொலைக்கூலிகள். நியூயார்க்கில் சில சாப்பாட்டுக் கடைகளில் கல்லாவில் ஒரு திரை, திரையில் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பெண் வணக்கம் சொல்லி ஆர்டர் எடுக்கிறார் என்று 2024-இல் படித்தோம். அவருக்கு மணிக்கு 3 டாலர், அந்த நகரத்தில் அப்போது குறைந்தபட்சக் கூலி 16 டாலர். அவருக்கு இரும்புக் கை இல்லை, முகம் இருக்கிறது. அவரையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

டிரோன் ஓட்டுபவரை? படத்தில் மேமோவின் அப்பாவைக் கொல்லும் டிரோனை அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உட்கார்ந்து இயக்கும் ரூடி என்பவரும் மெக்சிக வழி வந்தவர்தான், அவர் உடம்பிலும் அதே கணுக்கள், அதே கம்பி. வேலையின் அமைப்பு ஒன்றுதான். ஆனால் அவர் குடிமகன், சீருடை உண்டு, அவர் இருக்கும் பக்கத்தில் எல்லை திறந்திருக்கிறது. பின்னால் அவர் மேமோவைத் தேடி மெக்சிகோவுக்கு வரவும் செய்கிறார், மேமோவால் அந்தப் பக்கம் போக முடியாது. தொலைக்கூலி என்ற சொல்லை ரூடிக்குக் கொடுக்கக் கூடாது. அவருக்கு டிரோன் விமானி என்றோ தொலைவிமானி என்றோ எழுதிக்கொள்ளலாம்.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒன்று. மெக்சிகோக்காரர் வாயில் அது பிராசெரோ என்றுதான் வருகிறது. ஆங்கிலம் வழியாகப் படித்து பிரேசெரோ, பிராக்கெரோ என்றெல்லாம் எழுதிவிட வேண்டாம். பன்மை பிராசெரோஸ், தமிழில் பிராசெரோக்கள்.