திரை போட்ட சந்நிதியும் பிரிண்டர் வரிசையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "கரண்ட் போய் வந்தது தம்பி. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது. காவடி ரசீது மட்டும் ஒன்றுகூட வரமாட்டேன் என்கிறது. ஏன்?"

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பார்த்த ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கோயில் அலுவலகத்தில் இருப்பது லினக்ஸ் மடிக்கணினி. பேட்டரியில் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அணைந்து எழுந்தவை பிரிண்டரும் ரவுட்டரும்தான்.

நாம் அச்சிடச் சொல்லும் கோப்பு நேரே பிரிண்டருக்குப் போவதில்லை. கப்ஸ் (CUPS) என்ற மென்பொருள் அதை வாங்கிக் கணினியின் வட்டில் (டிஸ்க்) வைத்து, முறை வந்ததும் அனுப்புகிறது. 1999இல் வெளிவந்த இது, இன்றும் லினக்ஸிலும் மேக்கிலும் அதே வேலையைச் செய்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த வரிசைக்கு இருக்கும் இரண்டு கதவுகள். தைப்பூசத்தன்று கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிவாசல் திறந்திருக்கிறது, உள்ளே அலங்காரத்துக்காகத் திரை போட்டிருக்கிறார்கள். ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பார்கள், தரிசனம் மட்டும் நடக்காது. கப்ஸிலும் உள்ளே வாங்குவது ஒரு கதவு, வெளியே அனுப்புவது இன்னொன்று. ஒன்றை மூடினால் மற்றது மூடாது. பாதி அச்சில் தொடர்பு அறுந்தால், 'பிழை வந்தால் நிறுத்து' என்று அமைத்த வரிசையில் திரை விழுந்துவிடும். கரண்ட் வந்தாலும் அது தானாக விலகாது. நாம்தான் விலக்க வேண்டும்.

கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலில் 'எல்பிஸ்டாட் -டி' (lpstat -t) என்று கேட்டால் இரண்டு கதவின் நிலையும் தெரியும். 'டிசேபிள்ட்' என்றிருந்தால் திரை விழுந்திருக்கிறது. 'கப்ஸ்எனேபிள்' (cupsenable) கட்டளையோடு பிரிண்டர் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் விலகும். வரிசை ஓடுகிறது, ஆனால் பிரிண்டர் பதில் தரவில்லை என்று வந்தால் கதை வேறு. ரவுட்டர் மறுபடி எழுந்தபோது பிரிண்டருக்குப் புது ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் புது வீட்டு எண், கொடுத்திருக்கலாம். கப்ஸோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கி, கப்ஸிலும் அதையே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அக்கா அனுப்பிய படத்தில் பிரிண்டர் மேல் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. பழத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் என்ன கோளாறு என்று கப்ஸ் தன் எர்ரர் லாக் என்ற பிழைக் குறிப்பேட்டில் வரிவரியாக எழுதி வைத்திருக்க, அதைத் திறந்து பார்க்க ஆளில்லாததுதான் வருத்தம். பள்ளியில் கணினி என்று எதையெதையோ சொல்லித் தருகிறோம். லாக் படிக்கச் சொல்லித் தருவதில்லை.

அப்புறம் ஒன்று. திரையை விலக்கும் முன் 'கேன்சல் -ஏ' (cancel -a) கொடுத்து வரிசையைக் காலி செய்யுங்கள் என்று அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டேன். வரவில்லை, வரவில்லை என்று அவர் அழுத்திய அத்தனையும் வட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரே பக்தருக்குப் பதினான்கு ரசீது.