தள்ளினால் நகராத என்ஜின்

ராயபுரம் வாசகர் ஒருவர் பழைய இரும்புக் கடையில் பொம்மை ரயில் என்ஜின் ஒன்று வாங்கியிருக்கிறார். அடியில் ‘ட்ரை-ஆங் ஹார்ன்பி’ என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயில் தயாரிப்பின் பெயர். கையால் தள்ளினால் சக்கரம் சுழலாமல் சறுக்குகிறதாம். “ஜாம் ஆன சரக்கு” என்று எடைக்குப் போட்டுவிட்டாராம் கடைக்காரர்.

கடைக்காரர்தான் ஏமாந்தார்; அது ஜாம் இல்லை, என்ஜினின் அமைப்பே அப்படி. அந்த இரட்டைப் பெயர் 1965 முதல் 1970களின் தொடக்கம் வரைதான் புழங்கியது. தண்டவாள அகலம் 16.5 மி.மீ.; உங்கள் ராயபுரம் நிலையத்தின் அகலப்பாதை 1676 மி.மீ. ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு!

மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். விஷயம் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மோட்டார் தண்டில் திருகுப் புரி போன்ற ஓர் உருளை. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘புழு’. அது சக்கர அச்சிலுள்ள பல்சக்கரத்தோடு கோத்திருக்கும். புழு ஒரு முழுச் சுற்று சுற்றினால் பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். 20 பற்கள் என்றால், மோட்டார் 20 சுற்று ஓடினால்தான் சக்கரத்துக்கு ஒரு சுற்று. வேகம் குறைகிறது, இழுவை கூடுகிறது.

இனி திருப்பித் தள்ளிப் பாருங்கள். காசிமேட்டில் படகிலிருந்து கரைக்குப் பலகை போட்டு, அதன்மேல் மீன் பெட்டியை வைத்தால், சரிவு குறைவாக இருக்கும்வரை பெட்டி வழுக்காது. பெட்டியில் இன்னும் பத்துக் கிலோ ஏற்றினாலும் வழுக்காது. கீழே இழுக்கும் விசை கூடும்போது பிடித்து நிறுத்தும் உராய்வும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. புழுவின் புரி, உருளையில் சுற்றிய அந்தப் பலகைதான். உராய்வுக் குணகம் 0.1 என்றால், 5.7 பாகைக்குக் குறைவான சரிவில் எந்தப் பல்லும் வழுக்காது. நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டே இல்லாத பூட்டு! நாற்பது வருடமாக எனக்கு இது அலுக்கவில்லை.

இதற்கு விலையும் உண்டு. இப்படித் தானே பூட்டிக்கொள்ளும் திருகின் திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது. பாதிக்கு மேல் உராய்வில் சூடாகிப் போகும். பேசின் பிரிட்ஜ் அருகே பழுதாகி நிற்கும் மின்சார என்ஜினை இன்னோர் என்ஜின் இழுத்துப்போக முடிவது, அதில் புழு இல்லாமல் நேர்ப் பல்சக்கரங்கள் இருப்பதால்தான். இதையெல்லாம் காட்ட ஒரு திருகும் ஒரு பல்சக்கரமும் போதும். ஆனால் நான் படித்த பள்ளியில் அவை கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே கிடந்தன. அந்தப் பூட்டுக்குச் சாவி தேவைப்பட்டது.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே, மார்கழிக் காலையில், உறைந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, 12 வோல்ட் நேர்மின்சாரம் கொடுங்கள். ஓடாவிட்டாலும் ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுழலும், கம்பி சுற்றிய இரும்புப் பகுதி) உருவ வேண்டாம்: அந்தக் காலத்து அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம், நடுவில் அந்த இரும்பு இல்லாமல் போனால், வலுவிழந்துவிடும்.