உவர்த்த கிணறும் நிபுணரின் சாட்சியமும்

நிலாவெளிக் கரையோரத்தில் ஒருவருடைய கிணற்று நீர் உவர்ப்பாகிவிட்டது என்றும், அயலிலுள்ள விடுதி குழாய்க் கிணற்றிலிருந்து அளவுமீறி நீர் இறைப்பதே அதற்குக் காரணம் என்றும் சொல்லி, அவர் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோருவதாக வைத்துக்கொள்வோம். நீர் உவர்க்கிறது என்பதை அவரே சொல்லலாம். ஏன் உவர்த்தது என்பதைச் சொல்ல, நிலத்தடி நீரியல் கற்ற ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். சாதாரண சாட்சி தான் நேரில் அறிந்ததை மட்டுமே சொல்லலாம் என்ற பொதுவிதிக்கு விலக்காக, 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, அறிவியல் போன்ற துறைகளில் விசேட தேர்ச்சி பெற்றவரின் அபிப்பிராயத்தை ஏற்க இடமளிக்கிறது.

இந்த விலக்கு வேரூன்றியதும் நீர் தொடர்பான வழக்கொன்றிலேதான். இங்கிலாந்தின் வெல்ஸ் துறைமுகம் மணல் மூடித் தூர்ந்துபோனதற்குக் கரையில் எழுப்பிய அணைதான் காரணமா என்ற வழக்கில், பொறியியலாளர் ஜோன் ஸ்மீட்டனின் கருத்து வெறும் அபிப்பிராயம் என்று முதலில் ஒதுக்கப்பட்டது. 1782இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு அது ஏற்கத்தக்க சான்றே என்று தீர்த்தார்.

ஆனால் ஏற்பது வேறு, நம்புவது வேறு. நமது வழக்காளியின் நிபுணர் இப்படி விளக்கக்கூடும்: கரையோர மணலில் நன்னீர், அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதக்கிறது, நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும், ஆகவே இறைப்பினால் மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் அடியிலிருந்து உவர்நீர் பெருமளவு மேலெழும். கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் இந்தத் தொடர்பு சரியானதுதான். எனினும் அது அசைவற்ற நீரையும் சீரான மண்ணையும் எடுகோளாகக் கொண்டது. தவிர, இப்படி நடக்கலாம் என்று காட்டுவதால் இந்தக் கிணற்றில் இப்படித்தான் நடந்தது என்று ஆகிவிடாது.

குறுக்கு விசாரணை நுழைவது இந்த இடைவெளியில்தான். நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை எந்த மாதத்தில் அளந்தீர்கள்? திருகோணமலைக்கு மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவதால், நீண்ட வறட்சிக்குப் பின் செப்டெம்பரில் எடுத்த ஒரேயொரு அளவீட்டையும் மழை முடிந்த ஜனவரியில் எடுத்ததையும் ஒப்பிட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரையோரக் கிணறுகளுக்குள் கடல்நீரைக் கொட்டிச் சென்றதே, அந்த உப்பு மழையால் கழுவப்பட்டுவிட்டது என்பதை எதைக்கொண்டு சொல்கிறீர்கள்? விடுதியிலிருந்து தொலைவிலுள்ள கிணறுகளும் அதே அளவு உவர்த்திருந்தால் உங்கள் முடிவு நிற்குமா? வேறு காரணங்களை விலக்கிக் காட்டாத நிபுணர் இங்கே தடுமாறுவார்.

என் பார்வையில், பட்டங்களின் பட்டியலை விட இந்தக் கேள்விகளே ஒரு சாட்சியத்தின் தரத்தைக் காட்டுகின்றன. சட்டமும் அந்தத் திசையையே நோக்குகிறது. நிபுணர் தம் கருத்துக்கு வந்த காரணங்களை 51ஆம் பிரிவும், அக்கருத்துக்கு ஆதரவாகவோ முரணாகவோ நிற்கும் நிகழ்வுகளை 46ஆம் பிரிவும் வழக்கோடு தொடர்புடையவை ஆக்குகின்றன. வெடிவைப்பால் கட்டடம் சேதமானது என்று தொடுக்கப்பட்ட 1953ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்து வழக்கொன்றில், நீதிபதி சுயமாக முடிவெடுப்பதற்கு வேண்டிய அறிவியல் அளவுகோல்களை வழங்குவதே நிபுணரின் கடமை என்று சொல்லப்பட்டது. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்கள் வாசலிலேயே வடிகட்டுகின்றன: நிபுணர் கையாண்ட முறை சோதனைக்கு உட்படக்கூடியதா, சக ஆய்வாளர்கள் பரிசீலித்தார்களா, அதன் பிழை வீதம் என்ன, துறையில் பொதுவாக ஏற்கப்பட்டதா என்பன, மருந்தொன்று பற்றிய 1993ஆம் ஆண்டின் டோபெர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட அளவுகோல்கள்.

உரிமையியல் வழக்கில் ஐயத்துக்கிடமற்ற நிரூபணம் தேவையில்லை. வழக்காளி சொல்வது நடந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் அதைக் காட்டும் பொறுப்பு அவருடையது. விடுதி வருவதற்கு முந்தைய அளவீடுகள் இல்லாமல் இரு நிபுணர்களின் கருத்துகளும் சமமாக நின்றால், கிணறு உண்மையிலேயே இறைப்பினால் கெட்டிருந்தாலும் வழக்கு தோற்கும். அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. இரு தரப்பும் இணங்கிக் குழாய்க் கிணற்றைச் சில வாரங்கள் நிறுத்தி, அயலிலுள்ள பல கிணறுகளின் நீர்மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் நாள்தோறும் பதிந்து, மீண்டும் இறைக்கத் தொடங்கியபின் அதே பதிவைத் தொடர்ந்தால், நீதிபதியின் முன் ஊகங்களுக்குப் பதிலாக அளவீடுகள் இருக்கும்.