தட்டிப் பார்த்து வாங்கிய ஹெல்மெட்

ஹெல்மெட் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையிலெடுத்ததும் விரல் முட்டியால் ஓட்டின்மேல் இரண்டு தட்டு தட்டுவார்கள். தேங்காய் வாங்குகிற பழக்கம். பிறகு உள்ளே கையை விட்டு மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள். வெளியே கெட்டி, உள்ளே மெத்து, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஹெல்மெட்டுகளை உயரத்திலிருந்து போட்டு உடைப்பதையே பல வருடம் பிழைப்பாகச் செய்தவன் நான். அந்தத் தட்டலும் அமுக்கலும் தலையைக் காப்பாற்றும் பொருளைத் தொடவே இல்லை.

அது நடுவில் ஒளிந்திருக்கிறது. மெத்தைக்கும் ஓட்டுக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் ஒரு தெர்மோகோல் அடுக்கு. டிவி அட்டைப்பெட்டிக்குள் வருகிற அதே பாலிஸ்டைரீன் நுரைதான், அடர்த்தி கூடுதல், அவ்வளவே. நசுங்கிச் சாவதற்கென்றே வைக்கப்பட்ட பொருள்.

சோதனை பார்க்க எளிமையானது. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள உலோகத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி மேலே ஏற்றி, கீழே இருக்கும் ஆன்வில் என்கிற எஃகுக் கட்டைமேல் விடுவோம். ஐரோப்பாவின் முந்தைய ஹெல்மெட் விதியான இசிஇ 22.05-ன்படி மோதும் வேகம் விநாடிக்கு 7.5 மீட்டர். அதற்கு 2.9 மீட்டர் உயரம் வேண்டும். ஆன்வில் இரண்டு வகை: ஒன்று தட்டை, இன்னொன்று நடைபாதை ஓரக்கல் போல விளிம்பு வைத்தது. தலை எவ்வளவு சட்டென்று நிற்கிறது என்று உலோகத் தலைக்குள் இருக்கும் உணரி காட்டும் உச்ச அளவு 275 ஜி-யைத் தாண்டக்கூடாது. ஒரு ஜி என்பது நம்மைத் தரையில் நிறுத்தி வைத்திருக்கும் ஈர்ப்பு. அதைப்போல 275 மடங்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். அதே வேகத்தில் வரும் தலை 30 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றால் சராசரியாக 96 ஜி. 5 மில்லிமீட்டருக்குள் நின்றால் 570 ஜி-க்கு மேல். தெர்மோகோல் வாங்கிக் கொடுப்பது அந்த 25 மில்லிமீட்டரைத்தான். எல்லாம் பத்து மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். கண் இமைக்கவே அதைவிடப் பத்து மடங்கு நேரம் ஆகும்.

அந்த நேரம்தான் எங்கள் தொழிலின் தலைவலி. கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: மெதுவாக இறங்கினால் வழிவிடுகிற தண்ணீர், மேட்டிலிருந்து வயிறு அடிபட விழுந்தால் பலகையாக அறைகிறது. பிளாஸ்டிக்கும் தன் வழியில் வேகத்துக்குத் தகுந்தபடி குணம் மாறுகிற பொருள்தான். சாதாரண அழுத்த இயந்திரம் நிமிடத்துக்கு 5 மில்லிமீட்டர் என்று ஒரு துண்டை அழுத்தினால், 20 மில்லிமீட்டர் நசுங்க 4 நிமிடம் ஆகிறது. மோதலில் அதே நசுங்கலுக்குச் சுமார் 5 மில்லி விநாடி. பல வருடம் வெயில் தின்ற ஓடு ஒன்றை ஒருமுறை இயந்திரத்தில் மெதுவாக அழுத்தினேன். சாதுவாக வளைந்து திரும்பியது. ஆன்வில்மேல் போட்டேன், கோடு விட்டுப் பிளந்தது. கையால் அமுக்கிப் பார்க்கிற கடைக்காரர் அந்த ஓட்டுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்.

'ரொம்ப கெட்டி சார், கல்லால அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது' என்று விற்பவர்கள் உண்டு. எனக்கு அதைக் கேட்டால்தான் பயம். நசுங்காத ஹெல்மெட்டுக்குள் தலை சட்டென்று நிற்கும், மண்டைக்குள் மூளை நிற்காது. ரொம்பவும் மென்மையான தெர்மோகோலும் ஆகாது. பாதி வழியிலேயே முழுசாக நசுங்கித் தீர்ந்துபோகும், மிச்ச அடி தலைக்கு. சாலையோரத்தில் குவித்து விற்கும் பலவற்றில் இந்த அடுக்கே கிடையாது, வெறும் பஞ்சு. மெத்தையைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2021 ஜூன் 1 முதல், இருசக்கர வாகன ஹெல்மெட் என்றால் ஐஎஸ் 4151 தரத்துக்கு உட்பட்டு ஐஎஸ்ஐ முத்திரையோடுதான் விற்க வேண்டும். சட்டம் அப்படி, நடைபாதை வேறு.

அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "7.5 மீட்டர்னா மணிக்கு 27 கிலோமீட்டர்தானே, நான் அறுபதுல போறேனே?" வண்டி முன்னால் ஓடும் வேகம் வேறு, சாயும்போது தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் வேறு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். சோதனை அதைத் தாண்டியே வைக்கப்பட்டிருக்கிறது. நேராகப் போய் லாரியின் பின்பக்கத்தில் மோதினால் எந்தச் சோதனைச் சான்றிதழும் பதில் சொல்லாது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

போன மாதம் மேல் வீட்டுக்காரர் தன் மகனின் ஹெல்மெட்டோடு வந்தார். பையன் வண்டியோடு சரிந்திருக்கிறான், தலையில் ஒரு கீறல் இல்லை. "மேலதான் சார் சிராய்ப்பு, உள்ள நல்லாத்தான் இருக்கு. பெட்ரோல் வெச்சுத் துடைச்சா போயிடும்ல?" என்றார். பெட்ரோல் பட்டால் ஓடு வலுவிழக்கும், தெர்மோகோல் கரைந்தே போகும் என்றேன். மெத்தையைக் கழற்றி, வலது காதுக்கு மேலே விரலை ஓட்டிக் காட்டினேன். லேசான ஒரு பள்ளம், அதில் மயிர்க்கோடாக ஒரு விரிசல். நசுங்கிய தெர்மோகோல் கொஞ்சம் மீண்டு எழும், அதனால் கண்ணுக்கு ஏமாற்று. உள்ளே ஒடிந்த நுண்ணறைகள் எழாது. அடுத்த முறை அதே இடத்தில் அடிபட்டால் அங்கே நசுங்க மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை.

"போன வருஷம்தான் வாங்கினது" என்றார். அவன் தலை முழுசாக இருக்கிறதே, கொடுத்த காசு அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்றேன். சிரித்தார், ஆனால் ஹெல்மெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டார். அதுதான் கூடாது. கழுவித் துடைத்து யாரோ ஒருவருக்கு நூறு ரூபாய்க்குப் போய்ச் சேரும். சமையலறையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து வந்து, தாடைப் பட்டையை இரண்டு பக்கமும் வெட்டிக் கையில் கொடுத்தேன்.