புல் மஞ்சளானால் உடனே யூரியாவா?

போன மே மாதம் மேடவாக்கத்தில் ஒரு வீட்டு லானைப் பார்க்கப் போயிருந்தேன். கொரியன் புல். அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்குக் கருகிக் கிடந்தது. புல் வெளிறுகிறதே என்று, தண்ணீர் விட்ட கையோடு ஈரப் புல்லின் மேல் யூரியாவை அள்ளி வீசியிருக்கிறார்கள். “உரம் போட்டும் இப்படி ஆயிடுச்சே சார்” என்று அந்த வீட்டம்மா சொன்னபோது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அடி இலை பச்சையாக இருந்தது. புதிதாக வந்த இலைதான் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புச்சத்துக் குறைவு. யூரியா தரும் தழைச்சத்து குறைந்திருந்தால் அடியில் உள்ள பழைய இலை முதலில் மஞ்சளாகும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரையே விட்டுவந்தால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இதற்கு யூரியா எதுவும் செய்யாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துச் சாயங்காலம் தெளிக்கச் சொன்னேன். தரை ஓடுகளில் பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

சரி, யூரியா எப்போது? பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, புல் வேகம் பிடிக்கும்போது. 100 சதுர அடிக்கு 50 கிராம் போதும். புல்லை வெட்டி, இலை நன்றாகக் காய்ந்த பிறகு, உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். உடனே தண்ணீர் விட்டு இலையில் இருப்பதைக் கழுவி மண்ணில் இறக்குங்கள். கத்திரி வெயிலில் போடவே வேண்டாம். ஜூலையில் இன்னொரு தடவை அதே அளவு. அப்போது சலித்த மண்புழு உரமும் மெல்லிசாகப் பரப்பலாம். நான் யூரியாவைவிட அதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

செப்டம்பரில் கொஞ்சம் பொட்டாஷ். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் போடாதீர்கள். பாதி உரம் தண்ணீரோடு போய்விடும், மீதியில் புல் கொழகொழவென்று வளர்ந்து பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். கோவை, ஓசூர் பக்கம் ஜனவரிக் குளிரிலும் புல் மெதுவாகத்தான் வளரும், விட்டுவிடுங்கள்.

அந்த வீட்டில் கருகிய இடங்களில் நாலைந்து நாள் நிறையத் தண்ணீர் விடச் சொன்னேன். வேர் தப்பிய இடமெல்லாம் துளிர்த்துவிட்டது. மூன்று இடத்தில் மட்டும் புதுப் புல் பதிக்க வேண்டியிருந்தது.